நிறுவல் கையேடும் ஓர் ஆவணமே

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளை இணையக் களஞ்சியமொன்றில் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அக்கட்டுரைகளை மேற்கோள் காட்டுவோர் தரும் இணைய முகவரிகளைக் கவனித்தால், நடுவே ஒன்று முதல் ஒன்பது வரையான இலக்கங்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம்: 123456789. இலங்கையிலும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள எத்தனையோ பல்கலைக்கழகக் களஞ்சியங்களின் முகவரிகளிலும் இதே ஒன்பது இலக்கங்கள் இருக்கின்றன.

இவை அனைத்தும் டீஸ்பேஸ் என்ற மென்பொருளில் இயங்குபவை. அமெரிக்காவின் எம்ஐடி நூலகங்களும் எச்பி நிறுவனத்தின் ஆய்வுகூடமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. அதில் சேரும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் நிரந்தர அடையாள எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணின் முற்பகுதியை ஒவ்வொரு நிறுவனமும் உலகப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தித் தனக்கென்று பெற்றுக்கொள்ள வேண்டும். பெற்றுவிட்டால், வழங்கி மாறினாலும் தளத்தின் பெயர் மாறினாலும் அந்த எண்ணைக் கொண்டு ஆவணத்தைத் தேடிப்பிடிக்கலாம். அதுவரை இருக்கட்டும் என்று மென்பொருளை எழுதியவர்கள் இட்டுவைத்த முன்னிருப்பு மதிப்புத்தான் 123456789.

நிறுவியவர்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. எண்ணைப் பதியாமலே டீஸ்பேஸ் முழுமையாக இயங்கும். கையேட்டிலும் அந்த வேலை, களஞ்சியம் திரையில் தோன்றிய பிறகு செய்யவேண்டிய கூடுதல் அமைப்பாகவே வருகிறது. திரையில் தளம் தோன்றியதும் நிறுவுபவர் பெருமூச்சு விடுகிறார்; மேலதிகாரிக்குச் செய்தி போகிறது; கட்டுரைகள் ஏறத் தொடங்குகின்றன. சில ஆயிரம் கட்டுரைகள் ஏறி, அவற்றின் முகவரிகள் அச்சிலும் பதிந்துவிட்ட பிறகு எண்ணை மாற்றுவது பெரிய வேலை. முதல் நாளில் சில நிமிடங்களில் எடுக்கக்கூடிய முடிவு, ஐந்து ஆண்டுகள் கழிந்தால் எவரும் தொட அஞ்சும் முடிவாகிவிடுகிறது.

நிறுவல் கையேடு எழுதுவோர் கற்கவேண்டிய முதற் பாடம் இது. எந்த முடிவைப் பின்னாளில் மாற்றுவது கடினமோ, அதைப் பற்றிய பக்கம் கையேட்டில் முதலில் வரவேண்டும். தளத்தின் பெயர், அடையாள எண், எழுத்துக் குறியேற்றம், கோப்புகள் தங்கும் இடம் ஆகியவை அத்தகையவை. நிறத்தையும் இலச்சினையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மென்பொருளுக்குள் பத்து மென்பொருள்

1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே பிரதியாக இருந்தவை ஒரே இரவில் இல்லாமற் போயின. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் பலவிடங்களில் காக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த இழப்பும் உரமானது. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, இன்று நூலக நிறுவனமாக நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஓலைச்சுவடிகளையும் எண்ணிமமாக்கி வருகிறது. விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி மென்பொருளிலேயே அதன் எண்ணிம நூலகம் இயங்குகிறது. ஒலி, ஒளி, நிழற்படம் போன்றவற்றுக்கான ‘ஆவணகம்’ என்ற தளம் ஐலண்டோரா என்ற மென்பொருளின்மீது எழுப்பப்பட்டது.

ஐலண்டோரா 2006இல் கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவுப் பல்கலைக்கழக நூலகத்தில் பிறந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் உட்படப் பல நூலகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. இதை ஒரு மென்பொருள் என்று சொல்வது வசதிக்காகத்தான். பயனர் காணும் பக்கங்களை ட்ரூபல் உருவாக்குகிறது. ஆவணங்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பது பெடோரா என்ற களஞ்சியம். தேடலுக்குச் சொலர், படங்களைப் பெரிதாக்கிக் காட்ட கண்டலூப், வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்ப அக்ரிவ்எம்கியூ, ஒளிப்பதிவை மாற்ற எப்எப்எம்பெக், எழுத்துணரிக்கு ரெசரக்ற் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே வேறு வேறு குழுக்கள் எழுதியவை. இவற்றுக்கு அடியில் தரவுத்தளம், ஜாவா, பிஎச்பி, இணைய வழங்கி, லினக்ஸ் இயங்குதளம் ஆகியவை இருக்கவேண்டும்.

வங்கி, வைத்தியசாலை, அரச திணைக்களம், பெருநிறுவனம் ஆகியவற்றின் பெரிய மென்பொருள்கள் அனைத்தும் இந்த வகைதான். கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவ ஒரு தொடுகை போதும்; ஏனெனில் செயலியை எழுதியவருக்கு உங்கள் கைப்பேசியின் அமைப்பு முன்கூட்டியே தெரியும். பெருமென்பொருளை எழுதியவருக்கு நீங்கள் எந்த வழங்கியில், எந்த வலையமைப்பில், எந்தக் கடவுச்சொல்லோடு அதை இருத்தப்போகிறீர்கள் என்பது தெரியாது. அவருக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரியாததும் சந்திக்கும் இடத்தை நிரப்புவதற்காகவே நிறுவல் கையேடு எழுதப்படுகிறது.

இந்தப் பாகங்களிடையே சார்பு உறவுகள் உண்டு. சொலர் இயங்க ஜாவா முதலில் வேண்டும். ட்ரூபல் இயங்கத் தரவுத்தளமும் பிஎச்பியும் முதலில் வேண்டும். எது எதற்கு முன் என்று அம்புக்குறிகளால் இணைத்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். எந்த அம்பும் பின்னோக்கிச் செல்லாதபடி அந்த வரைபடத்தை ஒரே வரிசையாக விரிப்பதைக் கணினி அறிவியலில் இடவியல் வரிசையாக்கம் என்பார்கள். நல்ல நிறுவல் கையேட்டின் படிகள் அத்தகைய ஒரு வரிசைதான். 23ஆம் படியில் நிற்பவரை 9ஆம் படியில் செய்திருக்கவேண்டிய ஒன்றைத் தேடித் திரும்ப வைக்கும் கையேடு, இந்த வரைபடத்தை வரையாமல் எழுதப்பட்டது.

வரிசை சரியாக இருந்தாலும் பதிப்புகள் ஒத்துப்போகவேண்டும். எட்டுப் பாகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் புழக்கத்தில் மூன்று பதிப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சாத்தியமான சேர்க்கைகள் 6,561. அவற்றுள் எழுதியவர் இயக்கிப் பார்த்தது ஒன்றையோ இரண்டையோதான். ஆகவே ‘அண்மைப் பதிப்பை நிறுவுங்கள்’ என்று எழுதுவது, யாரும் நடந்து பார்க்காத பாதையில் வாசகரை அனுப்புவதாகும். எந்தப் பதிப்புகளோடு, எந்த இயங்குதளத்தில், எந்த நாளில் சோதிக்கப்பட்டது என்பது முதற் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மென்பொருளுக்கு ஆயுளும் உண்டு. ஐலண்டோராவின் முந்திய தலைமுறையைத் தாங்கிய ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 சனவரி 5ஆம் நாள் முடிவடைந்தது. நாளிடப்படாத கையேடு, காலாவதியான பின்னும் செல்லுபடியாவதுபோலத் தோற்றம் காட்டும்.

அறிந்தவரின் கண்ணுக்குத் தெரியாதவை

கையேட்டை யார் எழுதுவது? மென்பொருளை நன்கறிந்தவர் எழுதவேண்டும் என்பதுதான் முதலில் தோன்றும் விடை. ஆனால் அறிவு கூடும்போது அறியாமை எப்படியிருந்தது என்பது மறந்துபோகிறது. 1989இல் பொருளியலறிஞர்கள் கொலின் கமரர், ஜோர்ஜ் லோவன்ஸ்டீன், மார்ட்டின் வெபர் ஆகியோர் இதற்கு ‘அறிவின் சாபம்’ என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் இதை எளிய சோதனையொன்றால் அளந்தார். ஒருவர் தமக்குத் தெரிந்த பாடலின் தாளத்தை மேசையில் தட்டவேண்டும். எதிரிலிருப்பவர் பாடலைக் கண்டுபிடிக்கவேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தனர். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று மட்டுமே. தட்டுபவரின் மனதுக்குள் முழுப்பாடலும் ஒலிக்கிறது. கேட்பவருக்குக் கிடைப்பது மேசைச் சத்தம்.

‘தரவுத்தளத்தை அமைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வல்லுநர் எழுதும்போது அவர் மனதில் பயனர் கணக்கு, கடவுச்சொல், அனுமதி, எழுத்துக் குறியேற்றம் ஆகிய அனைத்தும் ஒலிக்கின்றன. வாசகருக்குக் கிடைப்பது இரண்டு சொற்கள்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு கனதியும் உண்டு. இங்கே ஒரு வழங்கியின் நுணுக்கங்களை அறிந்தவர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் கொழும்புக்கு மாறுகிறார்; மேற்படிப்புக்கு அவுஸ்திரேலியா போகிறார்; கனடாவுக்குக் குடிபெயர்கிறார். புலம்பெயர்ந்த தன்னார்வலர்கள் தூரத்திலிருந்து தாங்கிப்பிடிக்கும் திட்டங்களில், அறிந்தவர் முதலிலிருந்தே வேறொரு நேர வலயத்தில் இருக்கிறார். இங்கே காலை ஒன்பது மணிக்கு வழங்கி நின்றால் ரொறன்ரோவில் அது முந்திய நாள் இரவு. ஆகவே கையேட்டை எழுதும்போது வாசகராக நாம் நினைக்கவேண்டியவர் இன்னார்: லினக்ஸ் கட்டளைகளை ஓரளவு அறிந்த, இந்த மென்பொருளை முன்பு கண்டிராத, கேட்பதற்கு அருகில் எவருமில்லாத ஓர் இளைஞர் அல்லது யுவதி. அவருக்குப் போதுமானது எல்லோருக்கும் போதும்.

அவர் கையேட்டை முழுதாக வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குவார் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. 1980களில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் ஜோன் கரோல், மக்கள் கணினியைக் கற்கும் விதத்தை அருகிருந்து கவனித்தார். அவர்கள் விளக்கங்களைத் தாண்டிச் சென்றனர், உடனே செய்து பார்த்தனர், பிழையில் சிக்கினர், சிக்கியபின் கையேட்டைப் புரட்டினர். இதிலிருந்து அவர் வகுத்த சுருக்கக் கையேட்டுக் கொள்கை இன்றும் பொருந்துகிறது. விளக்கத்தைக் குறைக்கவேண்டும்; செயலை முன்வைக்கவேண்டும்; பிழையை இனங்கண்டு மீளும் வழியைச் செயலுக்கு அருகிலேயே தரவேண்டும்.

ஒரு படியின் உடற்கூறு

பல கையேடுகளில் காணக்கூடிய பாணியில் ஒரு வாக்கியம் இதோ: ‘சொலரை நிறுவி, தேவையான கோப்புறைகளை நகலெடுத்து, உரிய அனுமதிகளை வழங்கி, சேவையை மீளத் தொடங்கவும்.’

இதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன. நான்கில் எது தவறினாலும் விளைவு ஒன்றுதான்: தேடல் வேலை செய்யாது. எங்கே தவறியது என்று தெரியாது. டீஸ்பேஸ் 7ஐ எடுத்துக்கொண்டு இதே வேலையின் ஒரு பகுதியை இப்படி எழுதலாம்.

‘படி 14. டீஸ்பேஸ் தந்துள்ள நான்கு சுட்டிக் கோப்புறைகளையும் சொலரின் தரவுக் கோப்புறைக்குள் நகலெடுங்கள். காணவேண்டியது: கோப்புறைப் பட்டியலைக் கேட்டால் நான்கு பெயர்களும் தோன்றும்.’

‘படி 15. அந்த நான்கு கோப்புறைகளின் உரிமையைச் சொலர் பயனருக்கு மாற்றுங்கள். காணவேண்டியது: பட்டியலில் நான்கு பெயர்களுக்கும் எதிரே உரிமையாளராகச் சொலர் பயனர் இருப்பார். வேறு பெயர் இருந்தால் இந்தப் படியை நிர்வாகி உரிமையோடு மீண்டும் செய்யுங்கள். அதைச் சரிசெய்யாமல் படி 16க்குப் போகவேண்டாம்.’

ஒரு படிக்கு ஒரு செயல், செயலுக்குப் பின் கண்ணால் காணக்கூடிய ஓர் அடையாளம், அடையாளம் காணப்படாவிட்டால் செய்யவேண்டியது என்று மூன்று உறுப்புகள் இருந்தால், பிழை நிகழ்ந்த இடத்திலேயே பிடிபடும். இல்லாவிட்டால் அது பத்துப் படிகள் ஒளிந்திருந்து, தொடர்பே இல்லாத வேறொரு பிழையாக வெளிவரும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கில விதிகள், செயலைச் சொல்லும் வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது என்று வரையறுக்கின்றன. எச்சரிக்கையும் செயலுக்கு முன்பே வரவேண்டும். ‘தரவுத்தளத்தை அழியுங்கள்’ என்ற வரிக்குக் கீழே ‘முதலில் காப்புப்பிரதி எடுத்திருக்கவேண்டும்’ என்று எழுதினால் அதை வாசிக்கும்போது தரவு போயிருக்கும்.

ஒரே மதிப்பை இரண்டு இடங்களில் எழுதவேண்டி வருவதும் பெருந்தொல்லை தரும். 2021இல் வெளியான டீஸ்பேஸ் 7, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனி மென்பொருள்களாகப் பிரித்தது. ஒன்று மற்றதன் முகவரியை எழுத்துப் பிசகாமல் அறிந்திருக்கவேண்டும். ஓரிடத்தில் பாதுகாப்பான இணைப்புக்குரிய முகவரியும் மற்ற இடத்தில் சாதாரண முகவரியும் இருந்தால் தளம் திறக்காது. இதற்குச் சிறந்த மருந்து, முதற் படிக்கும் முன்னே ஒரு வெற்று அட்டவணை. வழங்கியின் பெயர், தரவுத்தளப் பெயர், பயனர், வாயில் எண்கள், கோப்புறைகளின் இடம் ஆகியவற்றை நிறுவுபவர் முதலில் அதில் நிரப்பிக்கொள்ளட்டும். பின்வரும் படிகள் எல்லாம் அந்த அட்டவணையைச் சுட்டட்டும். கடவுச்சொற்களைப் பூட்டிய இடத்தில் தனியே வைத்து, அவை இருக்கும் இடத்தை மட்டும் அட்டவணையில் குறிக்கலாம்.

மின்வெட்டையும் கணக்கிலெடுக்கவேண்டும். 1990களில் ஆண்டுக்கணக்காகத் தேசிய மின்வலை இல்லாமல் வாழ்ந்த குடாநாடு இது. 2022 மார்ச் இறுதியில் முழு இலங்கையும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டைக் கண்டது. 17ஆம் படியின் நடுவில் மின்சாரம் போய்வந்தால் நிறுவுபவர் என்ன செய்வது? அதே கட்டளையை மறுபடியும் கொடுக்கலாமா? ‘இந்தக் கோப்புறை இல்லாவிட்டால் உருவாக்கு’ என்ற கட்டளையை எத்தனை தடவை கொடுத்தாலும் விளைவு ஒன்றுதான். ‘இந்த வரியைக் கோப்பின் இறுதியில் சேர்’ என்ற கட்டளையை இரண்டு தடவை கொடுத்தால் வரி இரண்டு தடவை ஏறிவிடும். முதல்வகைச் செயலைக் கணிதத்தில் தன்னடுக்குச் செயல் என்பர். கையேட்டின் படிகளை இயன்றவரை முதல்வகையாக எழுதவேண்டும். முடியாத இடத்தில் ‘இந்தப் படி தடைப்பட்டால் திரும்பச் செய்யவேண்டாம், முதலில் இதைப் பாருங்கள்’ என்று எழுதவேண்டும். மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் ஊரில் எழுதப்பட்ட கையேட்டில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. நமக்கான கையேட்டை நாமே எழுதவேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

தமிழ் வாழவேண்டுமானால் சேர்க்கவேண்டிய படிகள்

இன்னும் வலுவான காரணம் தமிழே. வெளிநாட்டுக் கையேட்டை ஒரு படிகூடத் தவறாமல் பின்பற்றி நிறுவிய களஞ்சியம், ஆங்கில ஆவணங்களுக்குக் குறையின்றி இயங்கித் தமிழ் ஆவணங்களைக் கைவிட்டுவிடலாம். அவ்வாறு நிகழும் இடங்கள் சில.

எழுத்துணரியை முதலில் பார்ப்போம். ரெசரக்ற் 1980களில் எச்பி ஆய்வுகூடத்தில் உருவாகி 2005இல் திறந்த மென்பொருளானது. அது தமிழையும் வாசிக்கும். ஆனால் உபுண்டு லினக்ஸில் வழக்கமான முறையில் நிறுவினால் அதனோடு வருவது ஆங்கிலத் தரவு மட்டுமே. தமிழ்த் தரவைத் தனிப்பொதியாக நிறுவவேண்டும், எந்த மொழியில் வாசிக்கவேண்டும் என்றும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலமாக எண்ணி வாசித்து, பொருளற்ற இலத்தீன் எழுத்துகளைக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்டே போகும்.

அடுத்தது தேடல். இலங்கையின் பல பல்கலைக்கழக நூலகங்கள் பட்டியலாக்கத்துக்குப் பயன்படுத்தும் கோஹா மென்பொருள், நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் சீப்ரா தேடுபொறியின் வழக்கமான அமைப்பு இலத்தீன் எழுத்துகளை மனதில் கொண்டது. தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பிரித்துச் சுட்டியாக்க, யுனிகோட் முறைகளை முழுமையாக அறிந்த ஐசியூ வழிமுறைக்கு அதை மாற்றி, சுட்டி முழுவதையும் மீளக் கட்டவேண்டும். செய்யாவிட்டால் நூல் பட்டியலில் இருக்கும்; தேடுபவருக்குக் கிடைக்காது.

மூன்றாவது தரவுத்தளம். 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முன்னிருப்புக் குறியேற்றம் மேற்கைரோப்பிய மொழிகளுக்கானது. அதில் ஏறிய தமிழ்த் தலைப்புகள் வெறும் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். மாறியபின் அவற்றிலிருந்து மூல எழுத்தை மீட்க வழியில்லை.

நான்காவது கோப்புப் பெயர். யாழ்ப்பாணம் என்ற சொல்லில் நமக்கு ஆறு எழுத்துகள். யுனிகோட்டில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது பதினொரு குறியீடுகள். யூடிஎப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற் என்பதால் மொத்தம் 33 பைற். லினக்ஸில் பரவலான கோப்பு முறைமைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைற்றைத் தாண்டமுடியாது. ஆங்கிலத்தில் 255 எழுத்துவரை பெயர் வைக்கலாம். தமிழில் 85 குறியீடுகள், அதாவது ஏறத்தாழ 45 எழுத்துகள்தான். ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் ஆண்டும் சேர்ந்த ஒரு கும்பாபிஷேக மலரின் தலைப்பு இந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். ஆகவே கோப்புக்கு எண்ணையும் தலைப்புக்குத் தரவுப் புலத்தையும் பயன்படுத்தவேண்டும் என்ற விதியை நிறுவும் நாளிலேயே கையேடு சொல்லவேண்டும்.

ஐந்தாவது, கண்ணுக்குத் தெரியாத இரட்டை வடிவம். கொழும்பு என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு, அவற்றை இயல்பாக்கும்படி சொல்லாதவரை. ஒரு வடிவத்தில் தட்டித் தேடினால் மற்ற வடிவத்தில் பதிந்த ஆவணம் வராது. இவற்றோடு, பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டு யுனிகோட்டுக்கு மாற்றப்படாமல் கிடக்கும் ஆவணங்களும் நம் அலுவலகங்களில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை ஏற்றும் முன் மாற்றவேண்டும் என்பதும் ஒரு படி.

இவற்றுட் பெரும்பாலானவை சத்தமில்லாமல் நிகழும் பிழைகள். ஆகையால் தமிழ்க் களஞ்சியத்தின் நிறுவல் கையேடு ‘தளம் திறக்கிறது’ என்பதோடு முடியக்கூடாது. ஒரு சிறு தேர்வோடு முடியவேண்டும். ஒரு பக்கத் தமிழ் வருடலை ஏற்றுங்கள். நீண்ட தமிழ்த் தலைப்புக் கொடுங்கள். எழுத்துணரி தந்த உரையைத் திறந்து தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பு என்ற சொல்லை இரு வடிவங்களிலும் தேடுங்கள். வழங்கியை அணைத்து மீண்டும் இயக்கியபின் எல்லாம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் தேறினால்தான் நிறுவல் நிறைவு.

கையேட்டின் மொழி

நம் நிறுவனங்களில் தொழில்நுட்பக் கையேடு இருக்குமானால் அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கட்டளைகளும் பிழைச்செய்திகளும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அவை திரையில் வரும்படியே இருக்கவேண்டும். ஆனால் ஏன் இதைச் செய்கிறோம், எதைக் காணவேண்டும், காணாவிட்டால் என்ன செய்வது என்பவற்றைத் தமிழில் எழுதினால், மின்சாரம் போன இரவில் அவசரமாக வாசிப்பவருக்கு அது கைகொடுக்கும்.

தமிழ் வாக்கிய அமைப்பும் இதற்குத் துணையாக நிற்கிறது. ‘கோப்பைச் சேமித்தபின் வழங்கியை மீளத் தொடங்குங்கள்’ என்னும்போது, முதலில் செய்யவேண்டியது முதலில் வருகிறது. நிபந்தனையும் அப்படியே: ‘பச்சை அடையாளம் தோன்றினால் மேலே செல்லுங்கள்.’ ஆனால் செய்து, முடித்து, எடுத்து, வைத்து என்று வினையெச்சங்களை அடுக்கி எட்டுச் செயல்களை ஒரே வாக்கியத்தில் கோக்கும் வசதியும் நம் மொழியில் உண்டு. கட்டுரையில் அது அழகு. கையேட்டில் அது ஆபத்து.

இந்த வேலைக்கு இந்த மண்ணிலேயே முன்னோடி ஒருவர் இருந்தார். 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வி நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் போன்ற பெருநூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழில் கொண்டுவந்தார். கலைச்சொற் தொகுதிகளையும் தயாரித்தார். அறுவை மருத்துவத்தையும் உடற்கூற்றையும் துல்லியம் குறையாமல் சொல்ல 19ஆம் நூற்றாண்டுத் தமிழால் முடிந்தது. ஒரு வழங்கியை நிறுவும் முறையைச் சொல்ல இன்றைய தமிழால் தாராளமாக முடியும்.

தானியக்கம் வந்தபின்னும்

இவ்வளவும் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் செய்யும் கருவிகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். உண்மைதான். 2013இல் வெளிவந்த டொக்கர், மென்பொருளை அதற்கு வேண்டிய அனைத்தோடும் ஒரே கொள்கலனாகத் தருகிறது. அன்சிபிள் என்ற கருவி, நிறுவல் படிகளைக் கணினியே வாசித்துச் செய்யும் வடிவில் எழுதவிடுகிறது. ஐலண்டோராவும் கைமுறை, அன்சிபிள், டொக்கர் ஆகிய மூன்று வழிகளையும் தருகிறது. முடிந்த இடத்தில் இவற்றைப் பயன்படுத்தவேண்டும். மனிதத் தட்டச்சுப் பிழைகள் பெருமளவு ஒழியும்.

ஆனால் கருவி செய்வது படிகளை மட்டுமே. எந்தப் பெயரில் தளம், எங்கே காப்புப்பிரதி, யாரிடம் திறவுகோல், தமிழ்த் தேர்வில் தேறியதா என்ற கேள்விகளுக்கு மனிதரே விடை சொல்லவேண்டும். கொள்கலன் ஒருநாள் எழும்ப மறுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கிய கைமுறைக் கையேடுதான் உதவும். பொதிகளை இணையத்திலிருந்து இறக்கித்தான் கருவி வேலை செய்கிறது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பொதி அந்த முகவரியில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பயன்படுத்திய பொதிகளின் பிரதியையும் கையேட்டோடு சேர்த்துக் காப்பது நல்லது.

எண்ணிம ஆவணக் காப்பகங்களுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 14721 ஓர் அடிப்படைக் கருத்தை வலியுறுத்துகிறது. பூச்சியங்களையும் ஒன்றுகளையும் காப்பது மட்டும் காப்பகத்தின் கடமையாகாது. அவற்றை எதிர்கால வாசகர் புரிந்துகொள்ளத் தேவையான தகவலையும் சேர்த்துக் காக்கவேண்டும். வன்தட்டில் இலட்சக்கணக்கான பக்கங்கள் பத்திரமாக இருந்து, அவற்றை ஒழுங்குபடுத்திக் காட்டும் மென்பொருளை மீள எழுப்பத் தெரிந்தவர் இல்லாவிட்டால், அந்தக் காப்பகம் பூட்டிக்கிடக்கும் அறைதான். ஆகவே நிறுவல் கையேட்டை அலுவலகத் தாள் என்று எண்ணாமல், காக்கப்படவேண்டிய ஆவணங்களில் ஒன்றாகவே எண்ணவேண்டும்.

குடாநாட்டிலும் அதற்கு வெளியிலும் தமிழ் ஆவணங்களைக் காக்கும் நூலகங்கள், பாடசாலைகள், கோயில்கள், சங்கங்கள், தன்னார்வக் குழுக்கள் அனைத்திடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் களஞ்சியத்துக்கு நாளிட்ட கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுங்கள். எழுதியவர் அல்லாத ஒருவரிடம், வெற்று வழங்கி ஒன்றோடு அதைக் கொடுங்கள். எழுதியவர் வாய்திறக்காமல் அருகில் இருந்து, வாசிப்பவர் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துத் திருத்தட்டும். ஆண்டுக்கு ஒருமுறை காப்புப்பிரதியிலிருந்து முழுக் களஞ்சியத்தையும் வேறொரு கணினியில் எழுப்பிப் பாருங்கள். கையேட்டின் அச்சுப்பிரதி ஒன்றை வழங்கி இருக்கும் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். புதியவர் ஒருவர் கையேட்டை மட்டும் கொண்டு மீண்டும் எழுப்பிய களஞ்சியமே பாதுகாக்கப்பட்ட களஞ்சியம்.